மோராகாத கடல்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பவளத்துக்குக் கால்சியம் ஒரு பாட்டிலிலும், காரத்தன்மைக்கான சோடா இன்னொரு பாட்டிலிலும் வைத்து டோசிங் பம்ப் (அளவாகச் சொட்டவிடும் பம்ப்) மாட்டச் சொன்னார்கள். எதற்கு இரண்டு என்று ஒன்றாகக் கலந்தேன். மோர் மாதிரி ஆகிவிட்டது."

அந்த மோர் சுண்ணாம்புதான். கால்சியமும் சோடாவிலிருந்து வரும் கார்பனேட்டும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட். சேலத்தில் போர் தண்ணீர் காய்ச்சும் வீடுகளில் ஹீட்டர் கம்பி மேல் படிகிற வெள்ளைப் பொருக்கும் இதே பொருள். பவளம் தன் உடம்பில் நிதானமாகக் கட்டவேண்டிய எலும்புக்கூட்டை உங்கள் பாட்டில் ஒரே நொடியில் கொட்டிவிட்டது.

சரி, பாட்டில் கலங்கியதில் வியப்பு இல்லை. கடல் ஏன் கலங்கவில்லை என்பதுதான் கேள்வி. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கார்பனேட்டும் கூடவே இருக்கிறது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில், கரைந்து நிற்கக்கூடிய அளவைப் போல மூன்று நான்கு மடங்கு சுண்ணாம்பு கரைந்து நிற்கிறது. கணக்குப்படி அது என்றைக்கோ கீழே இறங்கியிருக்க வேண்டும்.

இறங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு மக்னீசியத்துக்கு. கடலில் எண்ணிக்கைப்படி ஒரு கால்சியம் அயனிக்கு ஐந்து மக்னீசியம் அயனி என்ற விகிதம். சுண்ணாம்புப் படிகம் வளர்வதைச் சுவர் எழுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் கால்சியம் என்ற செங்கல்லை வரிசையாக வைத்துக்கொண்டு போகிறார். நடுவில் கைக்கு ஒரு சின்னக் கல் வருகிறது. அதைச் சுற்றி ஈரச் சாக்கு. மக்னீசியம் அப்படிப்பட்டது. கால்சியத்தைவிடச் சிறிய அயனி. ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருக்கும், லேசில் விடாது. சாக்கோடு வந்து ஒட்டிக்கொண்டால் அடுத்த கல் வைக்க இடமில்லை. சாக்கைக் கழற்றிவிட்டு உள்ளே போனாலும் அளவு சிறியது என்பதால் வரிசை கோணுகிறது. கோணிய படிகம் எளிதாகக் கரைகிறது. முளைவிட்ட படிகம் முளையிலேயே நின்றுபோகிறது. இத்தனை பெரிய கடல் தெளிவாக இருப்பதற்கு இவ்வளவு சின்ன இடைஞ்சல் போதும் என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் பவளம் எப்படிக் கட்டுகிறது? தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய இடைவெளியை ஒதுக்கி, அங்கிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்து, கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. உள்ளே காரம் ஏறுகிறது, பைகார்பனேட் கார்பனேட்டாக மாறுகிறது. கால்சைட், அரகோனைட் இரண்டும் சுண்ணாம்பின் படிக வடிவங்கள்; பவளம் கட்டுவது கால்சைட் இல்லை, அரகோனைட். அந்தப் படிக அமைப்பில் மக்னீசியம் அரிதாகவே நுழையும்.

இனி உங்கள் தொட்டி. இன்று ஆல்கலினிட்டி, அதாவது காரத்தன்மை அளவைப் பாருங்கள், மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். நாளுக்கு 0.5 டிகேஹெச் (ஆல்கலினிட்டியின் அலகு) குறைகிறது என்று வையுங்கள். 200 லிட்டருக்கு அது 3 கிராம் ஆப்பசோடா. அதற்கு ஈடான கால்சியத்துக்கு 2.6 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் சோடா 60 கிராம், இன்னொரு லிட்டரில் குளோரைடு 52 கிராம் கரைத்தால் இரண்டிலும் நாளுக்கு 50 மில்லி போதும். மணிக்கு 2 மில்லியாகப் பிரித்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், ஒன்றுக்கும் மற்றதற்கும் அரை மணி இடைவெளி விட்டுச் சொட்டவிடுங்கள். பாட்டில்கள் தொட்டிக்குக் கீழே இருக்கட்டும், குழாய் முனை நீரைத் தொடவேண்டாம். பாட்டில் மேலே இருந்தால், பம்ப் ட்யூப் தேயும்போது அது முழுவதும் தொட்டிக்குள் இறங்கிவிடும்.

பவளம் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியமும் குளோரைடும், அதாவது சமையல் உப்பு. இந்தக் கணக்கில் நாளுக்கு 2 கிராம். ஒரு வருடம் விட்டால் லிட்டருக்கு மூன்றரை கிராமுக்கும் மேல் உப்பு கூடிவிடும். அதனால்தான் டோசிங் இருந்தாலும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் கடலின் பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். செவ்வாய் தோஷத்துக்கென்று விரலில் போடும் பவளமும் ஓர் உயிர் கட்டிய சுண்ணாம்புதான், கிரகத்தோடு அதற்கு உறவில்லை. அந்தக் காசு மன்னாரில் பவளத்தை மீட்டு வளர்க்கும் ஆய்வுகளுக்குப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இவ்வளவும் செய்து ஆல்கலினிட்டி நிற்கவில்லை என்றால் மக்னீசியத்தை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் பக்கம் இருக்க வேண்டும். குறைந்தால் காவல் தளர்ந்துவிடும். முதலில் சூடான இடத்தில், அதாவது பம்ப் மோட்டாரில் வெள்ளை படியும். சுண்ணாம்பு சூடு ஏற ஏறக் குறைவாகக் கரைகிற பொருள்.

படிந்த பம்பை வினிகரில் ஊறவையுங்கள், நுரைத்துக் கரையும். அப்புறம் ஊருக்கும் சேர்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவே வெளுத்துத் தெரியும் குன்றுகள் பக்கம் போனால் ஒரு துண்டு வெள்ளைக்கல் எடுத்துவந்து அதன் மேலும் வினிகர் விட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் அந்தக் குன்றுகளைச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்றார்கள். ஆனால் அந்தக் கல் மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். வினிகர் பட்டால் சும்மா ஈரமாகக் கிடக்கும், குமிழி வராது.