விக் கார்டுல வெண்டைக்காய் ஏன் போகல?

போன மாசக் கடைசில எங்க கடை கவுன்ட்டர்ல கைக்குழந்தையோட ஒரு அம்மா நின்னாங்க, விக் (WIC, கர்ப்பிணி, பால் குடுக்கற அம்மா, சின்னக் குழந்தைங்களுக்கு அமெரிக்க அரசு குடுக்கற உணவு உதவி) கார்டுல வாழைப்பழம் போச்சு, தக்காளி போச்சு, வெண்டைக்காய் பாக்கெட் மட்டும் போகல, கேஷியர் ரெண்டு தடவ ஸ்கேன் பண்ணிட்டு "இது விக்ல வராது"ன்னு சொல்ல, பின்னாடி நின்ன லைனைப் பாத்துட்டு அவங்க அதை ஓரமா வச்சிட்டுப் போய்ட்டாங்க. வெண்டைக்காய் விக்ல தாராளமா வரும். தப்பு எங்க சிஸ்டம்ல. இங்க அமெரிக்காவுல ஒரு சூப்பர்மார்க்கெட்ல ஒவ்வொரு பொருளோட விவரமும் இருக்கற ஐட்டம் ஃபைலைப் பாத்துக்கறதே என் வேலைங்கறதால மனசு கேக்கல, எழுதுறேன்.

ஸ்னாப் (SNAP, வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசு குடுக்கற உணவு உதவி) கார்டுன்னா விஷயம் சுலபம், ஐட்டத்துக்கு "ஸ்னாப் உண்டு"ன்னு ஒரு டிக் போட்டா போதும். விக் அப்படி இல்ல. ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒரு லிஸ்ட் அனுப்பும், ஸ்கேன் ஆகுற நம்பர் அந்த லிஸ்ட்ல இருந்தாதான் காசு போகும். உதிரியா வாங்குற காய், பழத்துக்கு ஸ்டிக்கர்ல இருக்கற பிஎல்யூ நம்பர் இருக்கு, வாழைப்பழம் 4011, அதுவே ஆர்கானிக்னா முன்னாடி 9 சேந்து 94011. உலகம் பூரா ஒரே நம்பர், அதனால லிஸ்ட்ல ஈஸியா இருக்கும்.

சிக்கல் எங்க வருதுன்னா, கடையிலயே எடை போட்டு பேக் பண்ற பாக்கெட்ல. அதுல வர்ற பார்கோடு 2ல ஆரம்பிக்கும், அது அந்தக் கடையோட சொந்த நம்பர், ஸ்டேட்டுக்கு அது என்னன்னே தெரியாது. அதனால நாங்கதான் உள்ள போய் அந்த நம்பரை வெண்டைக்காயோட பிஎல்யூ கூட இணைச்சு விடணும். புது பாக்கெட் வரும்போது யாராவது இதை மறந்தா, கவுன்ட்டர்ல மாட்டிக்கறது ஒரு அம்மா. இந்த இணைப்பு ஃபிரெஷ் காய், பழத்துக்கு மட்டும்தான், வசதியா இருக்குன்னு பழக்கூடையையோ டிரெஸ்ஸிங் சேத்த சாலட் பாக்கெட்டையோ ஒரு பிஎல்யூல கோத்து விட்டா அது விதிமீறல், கடையோட விக் அனுமதிக்கே ஆபத்து.

விதியும் மாறிட்டே இருக்கு. உருளைக்கிழங்கு 2015 வரைக்கும் கிடையாது, இப்போ உண்டு. 2024ல வந்த விதில கொத்தமல்லி மாதிரி ஃபிரெஷ் வாசனை இலைகளையும் சேத்தாங்க, ஆனா அதை லிஸ்ட்ல பாத்து நம்ம ஃபைல்லயும் ஏத்தினாதான் கவுன்ட்டர்ல வேலை செய்யும்.

காய், பழத்துக்கு 2024ல விக் குடுத்தது குழந்தைக்கு மாசம் 26 டாலர், பால் குடுக்கற அம்மாவுக்கு 52. மிச்சம் அடுத்த மாசத்துக்குப் போகாது. அதான் மாசக் கடைசில "அப்புறம் வாங்கிக்கலாம்"ங்கறது நிஜமாவே நஷ்டம்.

அதனால ஒரு காய் போகலன்னா உடனே திருப்பி வைக்காதீங்க. முதல்ல பேலன்ஸ் பாருங்க, தீந்திருந்தா மீதியை உங்க காசுல கட்டலாம், அது உங்க உரிமை. பேலன்ஸ் இருந்தும் போகலன்னா அதே காய் உதிரியா இருக்கான்னு பாத்து எடுத்துட்டு வாங்க, பெரும்பாலும் போயிடும். அப்படியே மேனேஜர்கிட்ட அந்த பாக்கெட்டைக் காட்டிச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க, நீங்க சொன்னாத்தான் என்னை மாதிரி ஆளுக்கே தெரியும்.

அந்த வெண்டைக்காயைச் சரி பண்ண எனக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகல. அதுக்குள்ள அவங்க போயிட்டாங்க.