மீட்டமை என்றால் எதை மீட்பது?

"பழுது பார்க்கும் முன் கணினி அமைப்புகளைக் காப்புப்பிரதி எடுத்துக்கொள்ளவும். வேலை முடிந்தபின் மீட்டமைக்கவும்." யாரோ தமிழில் எழுதிவைத்த இந்த வழிகாட்டித் தாளை என் அண்ணன் மகன் வரி பிசகாமல் பின்பற்றினான். காப்புப்பிரதி எடுத்தான், பழுதைச் சரிசெய்தான், கடைசியில் திரையில் மீட்டமை என்று இருந்ததை அழுத்தினான். "எல்லாம் மீட்டமைக்கப்படும், தொடரவா?" என்று கேட்டது. எல்லாம் திரும்பி வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் சரி கொடுத்தான். தாள் எழுதியவர் மனதில் இருந்தது ரீஸ்டோர், அதாவது காப்பிலிருந்து திரும்பக் கொண்டுவருவது. திரையில் இருந்ததோ ரீசெட், எல்லாவற்றையும் அழித்துத் தொடக்கநிலைக்குக் கொண்டுபோவது. வைஃபை கடவுச்சொற்கள், கையால் இட்டிருந்த ஐபி முகவரி, பிரிண்டர், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் போய்விட்டன. காப்புப்பிரதியும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது, அதுவும் போயிற்று.

அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. படித்ததைப் படித்தபடி புரிந்துகொண்டவன் அவன்.

முதலில் காப்பு, அதாவது பேக்கப். கா என்றால் காப்பது, அதிலிருந்து காப்பு. நூல் தொடங்கும் முன் காப்புச் செய்யுள் பாடினார்கள், நாம் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன் காப்பு எடுக்கிறோம். இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது. பிரதி வடசொல், நகல் அரபியிலிருந்து வந்தது, இரண்டும் வேண்டாம் என்பவர்கள் காப்புப்படி என்று எழுதட்டும். பின்சேமிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஆங்கிலத்து பேக்கப்பில் உள்ள பேக் இங்கே முதுகு கொடுத்துத் தாங்குவது, துணை நிற்பது. அதைப் பின் என்று பெயர்த்தால் 'அப்புறம் சேமித்துக்கொள்ளலாம்' என்றல்லவா படிக்கிறது? முன்கூட்டியே செய்யவேண்டிய வேலைக்கு இப்படி ஒரு பெயர்.

சரி, மீட்டமைக்கு வருகிறேன். இதை ரீசெட்டுக்கு வைத்தவர்கள் "மீள் என்றால் மறுபடி, அமை என்றால் அமைப்பது" என்கிறார்கள். மீள்பார்வை, மீள்பதிப்பு என்பவற்றில் அந்தப் பொருள் இருக்கிறதுதான். ஆனால் அந்த வழியில் போனால் மீளமை என்றுதானே வரவேண்டும்? மீட்டு வேறு. மீண்டான் என்றால் தானே திரும்பினான், மீட்டான் என்றால் போனதைத் திரும்பக் கொண்டுவந்தான். மீட்டு என்ற சொல்லைக் கேட்ட எந்தத் தமிழருக்கும், இழந்த ஒன்று கைக்கு வருகிறது என்றுதான் தோன்றும். புறத்திணையில் வெட்சியார் கவர்ந்த ஆநிரையைக் கரந்தையார் மீட்டார்கள் என்றால், தங்கள் மாடுகளையே ஓட்டி வந்தார்கள் என்று பொருள். இருந்த மாடுகளை விரட்டிவிட்டுத் தொழுவத்தைக் கழுவிவைத்தார்கள் என்று யாராவது சொல்வார்களா? ரீசெட் செய்வது அதைத்தானே!

ரீஸ்டோர் அப்படியில்லை. விண்டோஸில் 2000ஆம் ஆண்டு வந்த எம்இ பதிப்பிலிருந்தே சிஸ்டம் ரீஸ்டோர் உண்டு. குறித்துவைத்த ஒரு நாளில் ரெஜிஸ்ட்ரியும் சிஸ்டம் கோப்புகளும் எப்படி இருந்தனவோ அந்த நிலைக்கு அது கொண்டுபோகும், உங்கள் கடிதங்களையும் படங்களையும் தொடாது. அது நீங்கள் புழங்கிய ஒரு நாள். ரீசெட் கொண்டுபோவது நீங்கள் அந்தக் கணினியைத் தொடுவதற்கு முந்தைய நாளுக்கு. எதிரும் புதிருமான இந்த இரண்டு வேலைக்கும் சில இடங்களில் மீட்டமை என்ற ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள், வேறு சில இடங்களில் ஒன்று மீட்டெடு, மற்றது மீட்டமை. எது எது என்று பயனர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் நிலையும் தெரியும். பெரும்பாலும் அவர்கள் கையில் கிடைப்பது நீளமான பட்டியலில் ஒற்றைச் சொல், அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று யாரும் காட்டுவதில்லை. ஆனாலும் ரீசெட் என்றால் என்ன ஆகும் என்று ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் மீட்டு என்ற சொல் கைக்கு வந்திருக்காது. அகராதியைப் பார்த்துச் சொல் போடுகிறார்கள், கருவியைப் பார்த்துப் போடுவதில்லை. இப்போதெல்லாம் பழைய பட்டியலிலிருந்தே புதிய பட்டியலுக்கு நகல் எடுப்பதால் ஒரு தவறு நூறு திரைகளில் நிற்கிறது.

ரீஸ்டோருக்கு மீட்டெடு போதும், தெளிவாக இருக்கிறது. ரீசெட்டுக்கு நான் எழுதுவது தொடக்கநிலைக்குத் திருப்பு. பொத்தானில் இடம் போதாது என்பவர்கள் ரீசெட் என்றே தமிழெழுத்தில் போடட்டும். தனித்தமிழில் எனக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தாலும் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லைப் பார்த்தால் அழுத்துமுன் கொஞ்சம் தயங்குவார்கள், மீட்டமை என்று பார்த்தால் தயங்கமாட்டார்கள்.

அந்தத் தாளில் நான் இரண்டு இடங்களில் திருத்தம் செய்தேன். மீட்டமைக்கவும் என்பதை அடித்துவிட்டு 'காப்புப்பிரதியிலிருந்து மீட்டெடுக்கவும்' என்று எழுதினேன். முதல் வரியில் காப்புப்பிரதிக்கு முன்னால் 'வேறு டிஸ்க்கில்' என்று சேர்த்தேன்.