களனி கங்கை வெள்ள வரைபடத்தில் உங்கள் வீடு இருக்கிறதா?

இரண்டு நாள் விடாமல் மழை அடித்தால் போதும், கொழும்பில் வெல்லம்பிட்டி, மட்டக்குளி, களனிப் பக்கம் இருக்கிறவர்களின் ஃபோனுக்கு ஓர் அட்டவணை வந்து விழும். நோர்வூட், கித்துல்கல, தெரணியகல, கிளென்கோர்ஸ், ஹன்வெல்ல, கடைசியாக நாகலகம் வீதி. அந்தந்த இடத்தில் களனி கங்கை எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று மட்டங்கள் அவை. மற்ற இடமெல்லாம் மீற்றரில் இருக்க, நாகலகம் வீதி மட்டும் இன்னும் அடிக்கணக்கில்தான் வரும். அது தெரியாமல், "ஹன்வெல்லயில் எட்டு, இங்கே ஐந்துதானே, தண்ணி குறைந்துகொண்டு வருகுது" என்று நிம்மதியாகப் படுத்தவர்கள் உண்டு. ஹன்வெல்லயில் 8 மீற்றர் என்றால் சிறு வெள்ளம், 10 என்றால் பெரு வெள்ளம். நாகலகம் வீதியில் 5 அடியே சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம், 9 அடி ஆபத்தான வெள்ளம், 12 அடி உச்சக்கட்டம். 1947 ஆகஸ்டில் அந்த 12ஐயும் தாண்டியது. 1989 ஜூனில் 9ஐத் தாண்டியது, 2016 மேயில் 7ஐ.

அந்த அட்டவணை இன்றிரவு என்ன செய்வது என்பதற்கு உதவும். நான் எழுத வந்தது அதற்குப் பல வருடம் முன்பே, மழை இல்லாத ஒரு நாளில், ஏதோ ஒரு மேசையில் நடக்கும் வேலையைப் பற்றி. எந்தக் கரைக்கு அணை கட்டுவது, எங்கே பம்ப் வைப்பது, யாரை எழுப்பி வேறு இடத்தில் குடியேற்றுவது என்று முடிவெடுக்கும் முன் ஒரு மதிப்பீடு செய்வார்கள். எந்தப் பகுதி வெள்ளத்தால் எவ்வளவு அடிபடும் என்ற கணக்கு அது. அரசாங்கத் தமிழில் ஊறுபடத்தக்க நிலை, பாதிப்புறுநிலை என்றெல்லாம் எழுதுவார்கள். பெயர் கரடுமுரடு, விஷயம் அப்படி இல்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நூறு வருடத்தைத் தாண்டியும் இருக்கிறது. ஓர் இடத்தை வெள்ளப் பிரதேசம் என்று வர்த்தமானியில் அறிவிக்கலாம், அந்தப் பிரதேசத்துக்கு நீர்ப்பாசனப் பணிப்பாளர் ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. களனி கங்கையின் வடகரை அணை, தென்கரை அணை இரண்டும் திணைக்களத்தின் பொறுப்பு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சுனாமிக்குப் பிறகு வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதில் பிறந்த பிள்ளை. நகருக்குள் இருக்கிற கால்வாய், சதுப்பு நிலம் எல்லாம் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில். ஆக, ஆறு ஒருவரிடம், கால்வாய் இன்னொருவரிடம், எச்சரிக்கை மூன்றாமவரிடம். தண்ணிக்கு இந்தப் பிரிவினை தெரியாது.

சரி, இதை ஏன் ஊர் ஊராகப் பார்க்காமல் ஆற்றுப்படுகை முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கிறார்கள்? களனி கங்கை மலையில் தொடங்கி முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது, ஏறக்குறைய 145 கிலோமீற்றர், மூன்று மாகாணம். நோர்வூட்டில், கித்துல்கலவில் பெய்கிற மழைதான் பல மணி நேரம் கழித்து எங்கள் வாசலுக்கு வருகிறது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற மாமா ஃபோன் எடுத்து "இங்க ஊத்துது, பார்த்துக்கோங்க" என்று சொல்வது ஒருவகையில் முன்னெச்சரிக்கைத் திட்டம்தான், கட்டணம் இல்லாதது. காசல்ரீ, மவுசாகல மாதிரியான நீர்த்தேக்கங்கள் மேலே இருக்கின்றன, ஆனால் அவை பிடிப்பது மேற்பகுதியின் தண்ணியைத்தான், இடையில் வந்து சேரும் ஓயாக்களுக்கு, அதாவது கிளையாறுகளுக்கு, அப்படி ஒரு கடிவாளம் இல்லை. அதோடு ஹன்வெல்லயைத் தாண்டினால் ஆறு கிட்டத்தட்டத் தட்டை. மேலே ஓடிவந்த தண்ணி இங்கே வந்து நடக்கத் தொடங்கும், நடந்தால் பரவும். இன்னொன்று, ஒரு கரையில் அணையை உயர்த்தினால் அந்தத் தண்ணி எதிர்க்கரைக்கோ மேல் பக்கத்துக்கோ போய் ஏறும். கொலன்னாவையை மட்டும் தனியாகக் காப்பாற்றித் திட்டம் போட்டால் பியகமவும் கடுவெலவும் என்ன ஆகும் என்று யாராவது கேட்டே ஆக வேண்டும்.

கொழும்புக்கு இன்னொரு சிக்கல். நகருக்குள் பெய்கிற மழை வடிந்து போகும் வாய்களில் ஒன்று, நாகலகம் வீதிப் பக்கம் இருக்கும் வடக்குக் கதவு. ஆற்றில் மட்டம் ஏறினால் ஆற்றுத் தண்ணி நகருக்குள் வராமல் அதை மூடுவார்கள். மூடினால் உள்ளே பெய்த மழை வெளியே போக முடியாது. வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரப் பக்கம் கடலுக்குப் போகும் வழிகள் உண்டு, ஆனால் எல்லாம் ஓரளவுக்குத்தான். ஆறு வழிந்தால் ஒரு வெள்ளம், ஆறு வழியாமலே நகருக்குள் தேங்கினால் இன்னொரு வெள்ளம், இரண்டும் ஒரே நாளில் வந்தால் தெமட்டகொட, கிராண்ட்பாஸ் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள். 2010 நவம்பரில் பாராளுமன்றத்தையே தண்ணி சூழ்ந்தது இரண்டாவது வகை. அதற்குப் பிறகுதான் 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனில் பெருநகரத் திட்டம் ஒன்று தொடங்கி, கால்வாய் சீரமைப்பு, முகத்துவாரத்தில் புதிய சுரங்கம் என்று வேலைகள் நடந்தன. (பாராளுமன்றம் நனையாமல் வெறும் வெல்லம்பிட்டி மட்டும் நனைந்திருந்தால் இவ்வளவு வேகம் வந்திருக்குமா என்று கேட்க ஆசைதான், விடுவோம்.)

இனி மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மூன்று கேள்வி. தண்ணி எங்கே, எவ்வளவு ஆழத்துக்கு, எத்தனை நாள் நிற்கும்? அந்த இடத்தில் என்ன இருக்கிறது? அங்கே இருப்பவர்கள் அதைத் தாங்கி மறுபடி எழும்ப முடியுமா?

முதல் கேள்வி பொறியியலாளர்களுடையது. பழைய மழை அளவு, ஆற்று அளவு, தரையின் உயரம் எல்லாவற்றையும் கணினியில் போட்டு, 10 வருட வெள்ளம், 50 வருட வெள்ளம், 100 வருட வெள்ளம் வந்தால் எதுவரை நீலம் பூச வேண்டும் என்று வரைபடம் எடுப்பார்கள். இந்த "100 வருட வெள்ளம்" என்ற சொல் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. நூறு வருடத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போகும் என்று அர்த்தம் இல்லை, எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று அர்த்தம். நீங்கள் 30 வருட வங்கிக் கடனில் அந்த நீலத்துக்குள் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அது ஒரு தடவையாவது வீட்டுக்குள் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். நாலு பேரில் ஒருவருக்கு. இதை எந்த வீடு விற்கிறவரும் சொல்ல மாட்டார். "பதினாறில்தானே வந்தது, இனி வராது" என்பார். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அந்தப் பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி எண்ணும் வேலை. வீடு, பாதை, பாடசாலை, கடை, தொழிற்சாலை, மின் நிலையம், அம்பத்தளை மாதிரியான குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். அம்பத்தளைக்குத் தண்ணி புகுந்தால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் கஷ்டம் இல்லை, கொழும்பின் பெரும்பகுதியில் குழாய் காய்ந்துபோகும். அதனால் அந்த மாதிரி இடத்துக்கு அதிக மதிப்பு கொடுப்பது நியாயம்.

மூன்றாவதுதான் இழுபறி. வீட்டுச் சுவர் சீமெந்தா பலகையா, மேல் மாடி உண்டா, வயதானவர்கள், கைக்குழந்தை, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், நாள் சம்பளமா மாதச் சம்பளமா, சொந்த வீடா வாடகையா, எச்சரிக்கை வரும் மொழி புரியுமா, இதெல்லாம் குறிகாட்டிகள். கிராம சேவகர் (ஜீ.எஸ்.) பிரிவு வாரியாக ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்துக் கூட்டி, பிரிவுகளை வரிசைப்படுத்துவார்கள். அந்த எடையை யார் வைப்பது? அங்கேதான் முழுக் கதையும் இருக்கிறது. ரூபா கணக்கில் மட்டும் சேதத்தைப் பார்த்தால், நாலு கோடி பெறுமதியான ஒரு வீட்டின் கீழ்த்தளம் நனைவதும், ஒவ்வொன்றும் நாலு இலட்சம் பெறுமதியான பத்துப் பலகை வீடுகள் முழுக்கப் போவதும் தாளில் கிட்டத்தட்ட ஒரே தொகை. அணைக்குச் செலவழிக்கும் காசுக்கு எவ்வளவு சேதம் மிச்சமாகும் என்று மட்டும் பார்த்தால், அப்படிப் பெரிய வீடு இரண்டு இருந்தாலே அணை அந்தப் பக்கம் போகும். மூன்றாவது கேள்விக்கு எடை கூடினால் பலகை வீட்டுப் பக்கம் வரும். கணக்கு இரண்டும் சரிதான், பிழை என்று எதையும் காட்ட முடியாது. அதனால்தான் எடையைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன்.

அணை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. அணைக்கு ஆற்றுப் பக்கம் இருக்கிற குடியிருப்புகளுக்கு அந்த அணையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. இந்தப் பக்கம் இருப்பவர்களோ பயம் விட்டுப்போய் இன்னும் நெருக்கமாகக் கட்டுவார்கள், பிறகு ஒரு நாள் அணை உயரத்தை மீறித் தண்ணி வந்தால் முன்பைவிட அதிகம் இழப்பார்கள். சதுப்பு நிலம் நிரப்புவதும் அதே கதை. கொலன்னாவைச் சதுப்பு நிலம், தியவன்னா ஓயாவைச் சுற்றி இருக்கிற நிலம் எல்லாம் மழைத் தண்ணியைப் பிடித்து மெதுவாக விடுகிற பாத்திரங்கள். 2018இல் கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அனுமதி இல்லாமல் தாழ்நிலம் நிரப்புவது குற்றம். ஆனால் இரவில் மண் லொறி ஓடுவதைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கம் குறைவு.

இப்போது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது கேள்விக்கான தகவல் எங்கிருந்து வருகிறது? குடிசன மதிப்பீட்டிலிருந்தும் கிராம சேவகரின் பதிவுகளிலிருந்தும். குடிசன மதிப்பீடு 2012இல் நடந்தது, அடுத்தது 2024இல்தான். இடையில் செய்த எந்த வெள்ள மதிப்பீடும் பழைய ஆட்களைத்தான் எண்ணியிருக்கும். ஜீ.எஸ். பதிவு அதைவிடச் சிக்கல். என் சித்தி குடும்பம் மலையகத்திலிருந்து வந்து வெல்லம்பிட்டியில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்தார்கள், வாக்காளர் பெயர் மட்டும் ஹட்டனில். 2016இல் இடுப்பளவு தண்ணி. நிவாரணத்துக்கு ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்கட பேர் இந்தப் பிரிவில இல்லையே அம்மா" என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் இருந்தது, அவர் இருந்தது தெஹிவளையில், காலில் ஈரம் படாமல். நிவாரணம் போனது கொஞ்ச நாளில் மறந்துவிடும். ஆனால் அதே பட்டியல் மதிப்பீட்டுக்கும் போனால் சித்தி குடும்பம் வரைபடத்திலும் இல்லை. கொழும்பில் கடையில், வீட்டு வேலையில், கட்டட வேலையில் இருக்கிற எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கொழும்பில் நெருக்கமாக வீடுகள் இருக்கிற குடியிருப்பையும் தோட்டம் என்றுதான் சொல்வோம், அப்படி ஒரு தோட்டத்தில் நூறு குடும்பம் இருந்தும் பதிவில் ஐம்பது என்றால், அந்தத் தோட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணும் ஐம்பதுக்குத்தான்.

அதனால் வாடகையில் இருந்தாலும் நீங்கள் இருக்கிற பிரிவின் கிராம சேவகரிடம் போய்க் குடியிருப்பாளராகப் பதிந்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம், லைட் பில், பிள்ளையின் பாடசாலைக் கடிதம் என்று அந்த முகவரி இருக்கிற எதையும் கொண்டு போங்கள். சொந்தக்காரர் முகம் சுளித்தால் வீட்டு உரிமை கேட்கவில்லை, இருப்பைத்தான் பதிகிறோம் என்று சொல்லுங்கள். வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால் அதையும் எழுத வையுங்கள். தண்ணி வந்த நாளில் வாசலில் எதுவரை ஏறியது என்று தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். டித்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவு செய்ய 25,000 ரூபா கொடுத்தபோது இந்த மாதிரிச் சான்றுகளுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும், வாங்காதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கேட்கலாம், அது சலுகை இல்லை, உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கோ பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத வராதவர் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொழும்பில் சிங்களம் நிர்வாக மொழியாக இருந்தாலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது, ஆகவே "சிங்களத்தில் எழுதிக் கொண்டு வாங்க" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள்.

என்ன கேட்பது என்று தெரியாமல் பொதுவாக "வெள்ளம் பற்றிய தகவல்" என்று எழுதினால் பொதுவாகவே ஏதோ வரும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் கிராம சேவகர் பிரிவு இத்தனையாம் இலக்கம், 50 வருட, 100 வருட வெள்ளத்தில் இங்கே எவ்வளவு ஆழம் வரும் என்று கணித்திருக்கிறீர்கள், மதிப்பீட்டில் எங்கள் பிரிவுக்கு என்ன இடம், எந்த வருடத்துச் சனத்தொகையை எடுத்தீர்கள், எந்தக் குறிகாட்டிக்கு எவ்வளவு எடை. சித்தி இப்போது ஜீ.எஸ். பதிவில் இருக்கிறார். போன மாதம் இந்தக் கடிதத்தை அவருடைய கையெழுத்தில்தான் அனுப்பினோம், கொஞ்சம் கோணல் எழுத்து. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.