‘எங்க நாய் ஒண்ணும் செய்யாதுங்க’

நாய்க்கடி விஷயமாக என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். கடிபட்ட அன்று யாரும் வக்கீலைத் தேட மாட்டார்கள். தேடவும் வேண்டாம், முதலில் ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வழக்கின் பாதி உயிர் போயிருக்கும்.

போன வருடம் ஒரு தகப்பனார் வந்தார். மகளுக்கு ஒன்பது வயது. டியூஷன் முடிந்து வரும்போது, சரியாகச் சாத்தாத கேட்டைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு லேப்ரடார் வெளியே வந்து குழந்தையின் மேல் உதட்டைக் கடித்துவிட்டது. நாய் வளர்த்தவர் கெட்டவர் இல்லை. தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார், ஊசிக்குப் பணம் கட்டியிருக்கிறார், கையில் ஐயாயிரம் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு வெள்ளைத்தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகு தழும்பு உதட்டை ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அறுவைச் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னார். இவர் திரும்பப் போய்க் கேட்டதற்கு, “அன்னைக்கே பேசி முடிச்சாச்சே, அண்ணே” என்று பதில்.

தகப்பனாரின் கையில் இருந்தது ஒரே ஒரு மருந்துச்சீட்டு. அதில் எந்த நாய், யார் நாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். நாங்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது அதன் நகலைத்தான். டாக்டரிடம் வெறுமனே “நாய் கடிச்சிருச்சு” என்றால் அவரும் அதையேதான் எழுதுவார். இன்னார் வீட்டு வளர்ப்பு நாய், இந்த நேரம், இந்த இடம் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, தெருநாய் கடித்ததை என் கட்சிக்காரர் தலையில் கட்டுகிறார்கள் என்பார். நானே எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

மருத்துவம் என் துறை அல்ல. ஆனாலும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் (ரேபிஸ்) தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் (தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்கும் எதிர்ப்புப் பொருள்) தேவை. ‘எங்க நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சு’ என்ற பேச்சை நம்பி ஊசியைத் தவிர்க்காதீர்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். பலர் மறுநாளே அதை ஊரிலுள்ள தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவத்துக்கும் நஷ்டம், வழக்குக்கும் நஷ்டம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவுதான், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தக்க ஏற்பாடு செய்யத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் முன்பு 1,000 ரூபாயாக இருந்தது. ‘தன் வசமுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாய் யார் பேரில் இருக்கிறது என்று சட்டம் கேட்கவில்லை. ‘அது மகன் வாங்கின நாய், அவன் பெங்களூரில் இருக்கான்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

காயத்தின் தன்மையும் முக்கியம். முகத்தில் நிரந்தரமாக உருக்குலைவு ஏற்பட்டால், எலும்பு முறிந்தால், பதினைந்து நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால் அது கொடுங்காயம். அஜாக்கிரதையால் கொடுங்காயம் விளைவித்தால் 125ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை போகலாம். 291ஆவது பிரிவு, போலீசார் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். ஆனால் ஸ்டேஷனில் பெரும்பாலும் பேசி முடிக்கத்தான் பார்ப்பார்கள். குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின; உரிமையாளர் கைதானார். 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. ஒரு வீட்டுக்குச் சாப்பாடு டெலிவரி செய்யப் போன இளைஞர், பாய்ந்து வந்த நாய்க்குப் பயந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். உரிமையாளர் மீது வழக்குப் பதிவானது. வழக்கு வர நாயின் பல் படத்தான் வேண்டும் என்றில்லை.

‘இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லை’ என்பது எல்லோரும் சொல்லும் அடுத்த வாதம். கேட்டைத் திறந்து போட்டது அஜாக்கிரதைதான், நாயின் நன்னடத்தைச் சான்றிதழ் அதை மாற்றாது. ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையை நம்புகிறவர்களும் உண்டு. அது வருகிறவருக்கு எச்சரிக்கை, சரிதான். ஆனால் தன் நாய் ஆபத்தானது என்று வீட்டுக்காரருக்கே தெரியும் என்பதற்கும் அதே பலகையை நான் சாட்சியாகக் காட்டுவேன்.

இழப்பீட்டுக்கு உரிமையியல் வழக்குத் தனி. பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம், நீங்கள் கேட்கும் தொகையில் 3 சதவீதம். சிகிச்சைச் செலவு, இழந்த சம்பளம், வலி, தழும்பு எல்லாம் கேட்கலாம். ‘ஒரு பல் தடத்துக்குப் பத்தாயிரமாமே?’ என்று வாட்ஸ்அப்பைக் காட்டிக் கேட்கிறார்கள். அது 2023இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் தெருவில் திரியும் விலங்குகள் தொடர்பாக அரசின் பொறுப்பைப் பற்றிச் சொன்ன கணக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. காலதாமதத்துக்கும் தயாராக இருங்கள்: மும்பையில் 2010இல் ஒரு ராட்வைலர் முதியவர் ஒருவரைக் கடித்த வழக்கில் உரிமையாளருக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது 2023இல்.

அந்தத் தகப்பனார் விஷயத்துக்கு வருகிறேன். மைனரின் உரிமையை ஐயாயிரத்துக்கு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட முடியாது. குழந்தைக்கு நன்மை தராத சமரசத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை, அவளுக்குக் காலவரம்பு ஓடத் தொடங்குவதே பதினெட்டு வயதில்தான். இதையெல்லாம் எழுதி நோட்டீஸ் அனுப்பினேன். நாய் வளர்த்தவருடைய வக்கீலும் இதையே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பேச வந்தார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவை அவரே ஏற்றார். வளர்ந்த பிறகு இன்னொரு சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் சேர்த்து, இந்த முறை முத்திரைத்தாளில் எழுதினோம்.