மீதி ஒன்று மேலே ஏறும் நேரம்

"பத்துப் பதினைந்து வருடப் பழைய டெஸ்க்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். ஓவர்க்ளாக் செய்தால் வேகம் கூடும் என்கிறார்களே, நிஜமா? அப்படியென்றால் தயாரித்தவர்களே ஏன் அந்த வேகத்தில் விற்கவில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

ஓவர்க்ளாக் என்பது ப்ராசசரைத் தயாரித்தவர்கள் குறித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடவைப்பது. அந்த வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பை ப்ராசசர் தனக்குள் சில மடங்கு பெருக்கிக்கொள்கிறது. 2007இல் வந்த இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600இல் அடிப்படை 266 மெகாஹெர்ட்ஸ், மடங்கு 9, ஆக 2.4 கிகாஹெர்ட்ஸ். அதில் மடங்கைக் கூட்ட முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அதனால் பயோஸுக்குள் (கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் அமைப்புத் திரை) போய் அடிப்படையை 333 ஆக்குவார்கள், 3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 2011இல் வந்த ஐ5-2500கே போன்ற 'கே' வகைகளில் மடங்கையே மாற்றலாம். செய்முறை அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 417 பிக்கோவினாடிதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒளிகூட ஒரு சாண் தூரம் போகாது. அதற்குள் ஒரு வரிசை ஃபிளிப்-ஃபிளாப்களிலிருந்து (ஆளுக்கு ஒரு பிட்டை நினைவில் வைக்கும் குட்டிச் சுற்றுகள்) கிளம்பிய பிட்டுகள், நடுவிலிருந்து கணக்குப் போடும் கேட்டுகளை எல்லாம் கடந்து, அடுத்த வரிசையின் வாசலில் நின்றாக வேண்டும். துடிப்பு வந்ததும் வாசலில் இருப்பதை அந்த வரிசை அப்படியே பிடித்துக்கொள்ளும். சரியான விடை இன்னும் வரவில்லையென்றால் பழைய மதிப்பைப் பிடித்துக்கொள்ளும், வித்தியாசம் அதற்குத் தெரியாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. 1234உடன் 1ஐக் கூட்டினால் கடைசி இலக்கத்தோடு வேலை முடிந்தது. 9999உடன் 1ஐக் கூட்டிப் பாருங்கள். மீதி 1, மறுபடி மீதி 1 என்று கடைசிவரை ஏறிக்கொண்டே போக வேண்டும். சிப்பில் இதற்குக் குறுக்கு வழிகள் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சில எண்களுக்கு நீண்ட பாதை, சில எண்களுக்குக் குட்டையான பாதை என்பது மாறுவதில்லை. இப்படிப்பட்ட பாதைகள் சிப் முழுக்க ஏராளம், அவற்றில் ஆக மெதுவானதுதான் வேகத்தின் எல்லை. எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் லட்சக்கணக்கான கணக்குகள் சரியாகவே வரும், எப்போதோ ஒன்று மட்டும் தப்பும்.

என் பழைய கம்ப்யூட்டரை நான் அப்படித் தாண்டியபோது விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தது, பாட்டு ஓடியது. ஒரு பெரிய ஜிப் கோப்பை விரித்தேன். கோப்பு கெட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. மறுபடி விரித்தால் பிழை வேறு இடத்தில். கோப்பில் எந்தக் கோளாறும் இல்லை. வேகத்தை ஒரு படி இறக்கியதும் முழுசாக விரிந்தது. ஓவர்க்ளாக்கில் நான் பயப்படுவது இந்த ஓசையில்லாத பிழைக்குத்தான். கம்ப்யூட்டர் நின்றுபோனால் நமக்குத் தெரியும், போட்டோவில் ஒரு பிட் மாறினால் தெரியாது.

தயாரிப்பாளர்கள் வேகத்தைக் குறைத்து விற்பதும் இதனால்தான். ஒரே வேஃபரில் (சிலிக்கான் வட்டத் தட்டில்) வெட்டிய சிப்களே ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் மந்தமானதும், வெயில் காலத்தில், மின்னழுத்தம் கொஞ்சம் தளர்ந்தபோதும், சில வருடம் உழைத்த பிறகும் தப்பாமல் கணக்குப் போட வேண்டும். அதற்காக விட்டுவைக்கும் இடைவெளியைத்தான் ஓவர்க்ளாக் செய்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த இடைவெளியும் தீர்ந்தால் வோல்டேஜைக் கூட்டுவார்கள். சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிரம்பினால்தான் அடுத்த டிரான்சிஸ்டர் என்னும் குட்டி மின்சுவிட்ச் திறக்கும். வோல்டேஜைக் கூட்டுவது குழாயை இன்னும் திருகுவது மாதிரி, குடம் சீக்கிரம் நிரம்பும். ஆனால் செலவாகும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கமாகவும் ஏறும். 2.4இலிருந்து 3.6 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.25இலிருந்து 1.4 வோல்ட்டுக்கும் போனால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் மந்தமாகும், குடம் மறுபடி மெதுவாக நிரம்பும். நல்ல கூலர் வேண்டும் என்பது அதனால்தான். அப்புறம், ஓடும் எலக்ட்ரான்கள் கம்பியின் உலோக அணுக்களை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். சூட்டிலும் அதிக மின்னோட்டத்திலும் இது வேகமாக நடக்கும், சிப்பின் ஆயுள் குறையும்.

புது சிப்பைச் சில நாள் அதிக வோல்டேஜில் ஓட்டிப் 'பழக்கினால்' பிறகு நன்றாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தேய்ந்து பதமாவதற்கு அதில் அசையும் பாகமே இல்லை, கிடைப்பது மூப்பு மட்டும்தான்.

வாசகருக்கு: வீடியோ மாற்றுவது போல ப்ராசசர் இடைவிடாமல் உழைக்கும் வேலைகளில் 25 சதவீதம் வேகம் ஏற்றினால் அதற்கு ஏறக்குறைய சமமான பலன் தெரியும். ஹார்ட் டிஸ்குக்காகக் காத்திருக்கும் கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாது, அதற்கு முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தை ஏற்றுவதானால் படிப்படியாக ஏற்றி, பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். அது தனக்கு விடை தெரிந்த கணக்குகளையே போடச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கும். காலையில் ப்ராசசரின் கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) ஒன்றில் சோதனை நின்றிருந்தாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள்.