டர்போ பாஸ்கல் பிழையின் வரியை எப்படிக் கண்டுபிடித்தது?

சி மொழி படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: கீழே எழுதப்போகும் ஃபங்ஷனை (பெயர் வைத்த நிரல் துண்டை) மேலேயே ஒரு வரியில் ஏன் அறிவிக்க வேண்டும்?

நாம் எழுதும் நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். பழைய கம்பைலர்கள் பலவும் நிரலை மேலிருந்து கீழாக ஒரே தடவைதான் படித்தன. படிக்கும்போதே எந்திரக் கட்டளைகளையும் எழுதிக்கொண்டே போயின. அதுவரை பார்க்காத பெயர் வந்தால் அங்கே என்ன எழுதுவது? அதனால்தான் முன்னறிவிப்பு. சூரிச்சில் நிக்லாஸ் விர்த் உருவாக்கி 1970-இல் வெளிவந்த பாஸ்கல், இந்த ஒற்றை ஓட்டத்துக்கு வசதியான மொழி.

நான் பழகியது டர்போ பாஸ்கல் என்ற பாஸ்கல் கம்பைலர். ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் எழுதியது. 1983-இல் போர்லண்ட் நிறுவனம் 49.95 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. மூன்றாம் பதிப்பில் நிரலைத் தட்டச்சு செய்யும் எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்தே 40 கேபி-க்குள் அடங்கிவிட்டன!

அதில் என்னை இன்றும் வியக்கவைப்பது ஒன்று உண்டு. சராசரி கணக்கிடும் நிரல் ஓடுகிறது. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்ததால் வகுத்தல் தடுக்கி நின்றுவிடுகிறது. அந்த நொடியில் தெரிவது தடுக்கிய கட்டளையின் நினைவக முகவரி மட்டுமே, 2947 என்று வைத்துக்கொள்வோம். அது நிரலில் எந்த வரி? இன்றைய கம்பைலர்கள் வரிக்கும் முகவரிக்கும் அட்டவணை எழுதி வைக்கின்றன. டர்போ பாஸ்கல் எதையும் எழுதி வைக்கவில்லை. நிரலை முதல் வரியிலிருந்து மறுபடியும் கம்பைல் செய்தது! அதே நிரலுக்கு அதே கட்டளைகள், அதே வரிசையில்தான் வரும். எழுதும் முகவரி 2947-ஐ எட்டியதும் நிறுத்தி, அப்போது எந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்ததோ அங்கே கர்சரை வைத்தது. திரையில் வரி எண்கள் விறுவிறுவென ஏறி, சட்டென எடிட்டர் திறக்கும். கர்சர் அந்த வகுத்தல் அருகிலேயே நிற்கும்.

கம்பைலர் அவ்வளவு வேகம் என்பதால் அட்டவணைக்கான நினைவகமே மிச்சம். நம் கல்லூரிகளில் கம்பைலர் பாடம் பெரும்பாலும் இலக்கண விதிகளோடு முடிந்துவிடுவது எனக்கு வருத்தம். ஒரு பருவம் முழுக்கச் சின்னதாக ஒரு ஒற்றை ஓட்டக் கம்பைலரை மாணவர்களையே எழுதவைக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

மறுபடி கம்பைல் செய்து பிழையின் வரியைத் தேடும் இந்த வழிக்கு ஒரே நிபந்தனை, நிரல் மாறியிருக்கக் கூடாது. நடுவில் ஒரு வரி சேர்த்தாலும் முகவரிகள் நகர்ந்து, கர்சர் வேறெங்கோ போய் நிற்கும். கம்பைல் செய்த ஃபைலை வேறொருவர் ஓட்டிப் பிழை வந்தால், திரையில் தெரிந்த முகவரியைச் சொன்னாலே போதும். அதைத் தட்டித் தேட மெனுவிலேயே வசதி இருந்தது. ஆனால் அவருக்குக் கொடுத்த அதே பிரதியின் மூல நிரல் நம் ஃப்ளாப்பியில் இருக்க வேண்டும்.