சட்டத்தை மாணவர்களே எழுதிப் பார்க்கட்டும்

‘வெளிநாட்டவர் குடியேற்றம் நன்மையா, தீமையா?’ இப்படித் தலைப்புக் கொடுத்து ஒட்டியும் வெட்டியும் பேசவைக்காதீர்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கைதட்டலுக்காகப் பேசும் பிள்ளை எதிர்த்தரப்பைக் காதிலேயே வாங்காது. மும்பையில் சமூக அறிவியல் எடுக்கிறேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் நிறைய. 1960-களின் கடைசியில் இதே ஊரில் தென்னிந்தியர்களை வெளியேறச் சொன்ன கதையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டவர்கள். அவர்களே இன்று, ‘பீகார்க்காரங்களுக்கும் விசா வைக்கணும்’ என்கிறார்கள். இந்தியக் குடிமக்கள் நாட்டில் எங்கும் குடியிருக்கலாம் என்ற அரசமைப்பின் 19-ஆவது பிரிவை முதலில் படிக்கவைத்துவிடுங்கள்.

அப்புறம் ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் அமைச்சரவை ஆக்குங்கள். ஒரே பக்கத்தில் குடியேற்றச் சட்டம் எழுத வேண்டும். யாரை அனுமதிப்பது, எத்தனை ஆண்டில் குடியுரிமை, மறுக்கப்பட்டவர் எங்கே மேல்முறையீடு செய்வது, எல்லாம் அதில் வரவேண்டும். படிப்பு, வயது, மொழி, தொழில்திறன் பார்த்து மதிப்பெண் போடும் முறையைக் கனடா 1967-இல் கொண்டுவந்தது. அதை மாதிரியாகக் காட்டலாம்.

எழுதி முடித்த பிறகு, கற்பனை மனிதர்களின் விவரம் எழுதிய அட்டைகளை நீட்டுவேன். உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு குழு ‘பத்தாவது தேர்ச்சி கட்டாயம்’ என்று எழுதியிருந்தது. அவர்களுக்கு வந்தது பத்தாவது தேறாத ஒரு வெல்டரின் அட்டை. நிராகரிக்கப் போனவர்களை அதே குழுவில் இருந்த மாணவி தடுத்தாள். “டீச்சர், எங்கப்பா ஒன்பதாவதுதான். துபாய்ல வெல்டிங் வேலைதான் பாக்குறாரு.” அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ‘அல்லது செய்முறைத் தேர்வு’ என்று சேர்த்தார்கள். பத்தாவது தேறாதவர் துபாய்க்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் அரசின் அனுமதியும் வேண்டும் என்று அப்போது சொன்னேன். வெளியே போவதற்கும் விதி உண்டா என்று திகைத்தார்கள்.

அவளாகச் சொன்னாள், சரி. நாமாக எந்தப் பிள்ளையிடமும் வீட்டுக் காகிதங்களைப் பற்றிக் கேட்கவே கூடாது. யார் வீட்டில் என்ன பயம் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. அட்டைகள் அதற்காகத்தான்.

தவறாமல் சேர்க்க வேண்டிய அட்டை ஒன்று உண்டு. 1995-இல் மண்டபம் முகாமில், இலங்கை அகதிகளான பெற்றோருக்குப் பிறந்த பெண். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் தந்த சலுகையும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. ‘இங்கேயே பொறந்தவங்க எப்படி வெளிநாட்டுக்காரங்க ஆவாங்க?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கான பிரிவை அவர்களே எழுதட்டும்.

இதற்கு இரண்டு பீரியட் போதும். இரண்டாவதில் குழுக்கள் சட்டங்களை மாற்றிக்கொண்டு, அடுத்தவர் எழுதியதை ஆதரித்துப் பேசவேண்டும். பேச்சுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. எந்த விதியை, யாருக்காக, ஏன் திருத்தினார்கள் என்று ஓரத்தில் எழுதிய குறிப்புக்குத்தான் போடுகிறேன்.